எல்லாரும் சாப்பிட்ட பிறகு

1. பகலில் தூங்கும் தெரு

என் குரல் பெரிசு. கிராம சுகாதார நர்சாக இருந்த காலம் முழுக்க எனக்கு 'மைக் செட் நர்சம்மா' என்றுதான் பெயர். அப்படிப்பட்டவளையும் குசுகுசுவென்று பேச வைத்தன கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் பக்கத்துத் தெருக்கள். முதியோருக்குச் சத்துக்குறைவு ஸ்க்ரீனிங் செய்ய எடை மிஷினும் டேப்பும் கொடுத்து எங்களை வீடு வீடாக அனுப்பினார்கள். போனால் பாதி வீடுகள் பகலில் தூங்கிக்கொண்டிருக்கும். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுத்திருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே கால் வைத்தால் ராத்திரி. ஃபேன் சத்தத்துக்கு நடுவே வயசானவர்கள் ஓசையில்லாமல் வந்து மிஷின்மேல் ஏறி நிற்பார்கள், தூக்கத்தில் நடந்து வந்தவர்கள் போல. நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஒருநாள் படப்பை ஷேர் ஆட்டோவில் வனிதா என்ற பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அவள் கணவன் சேகருக்குக் கார் கம்பெனியில்.

"நர்சம்மா, எங்க அத்தை இளைச்சிக்கினே போறாங்க. ஸ்கேன்ல ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்க. இவரு பெரிய வியாதின்னே முடிவு பண்ணிக்கினு ராத்திரில அழுவறாரு. நீங்க ஒரு தபா வந்து பாருங்க."

மறுநாளே போனேன்.

2. கை நனைக்காத வீடு

வனிதாவின் மாமியார் பெயர் ராணியம்மா. கதவைத் திறந்ததுமே உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். சேகர் நைட் முடிந்து வந்து உள்ளே தூங்குகிறான்.

ராணியம்மாவுக்குக் கூன் விழுந்திருந்தது. கூன் விழுந்தவரைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் எடுத்தால் தப்பாக வரும். முழங்கால் உயரத்தை அளந்துதான் கணக்குப் போட வேண்டும். அதை முடித்துவிட்டுக் கெண்டைக்காலில் டேப்பைச் சுற்றினேன். முப்பத்தொரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். இவருக்கு முப்பதுகூட வரவில்லை. எனக்குப் பகீரென்றது. பாவி மகன் பயந்தது சரிதானோ என்று நினைத்துக்கொண்டே கேள்விகளைத் தொடங்கினேன்.

"பசி எடுக்குதாம்மா?"

"எடுக்காம இன்னா? நல்லாவே எடுக்குது."

"சாப்பாடு?"

"அதுக்கு இன்னா கொறச்சல்? சோறு, கொழம்பு, பொரியல் எல்லாம் விடியக்காலையிலயே ஆக்கி வெச்சிடுவேன்."

அடுப்பு மேடையில் சோற்றுக் குண்டான் இருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கரண்டியே படவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

"இன்னிக்கு நீங்க இன்னா சாப்ட்டீங்க?"

"டீ குடிச்சேன், ரெண்டு பொறை ரொட்டி தொட்டுக்கினேன். புள்ள சாப்பிடட்டும், அப்புறம் நான் சாப்பிடறேன்."

"அவரு கேன்டீன்ல சாப்ட்டுத்தானே வந்திருப்பாரு?"

"ஆமா, வவுறு ரொம்பிச்சின்னு படுத்துட்டான். மருமவளும் அங்கியே துன்னுட்டுத்தான் வரும். அதெல்லாம் கம்பெனி சோறு நர்சம்மா. வூட்ல இன்னும் ஒருத்தரும் கை நனைக்கல. நான் மட்டும் எப்படித் தட்டு போட்டுக்கினு குந்தறது?"

"அப்ப இந்தச் சோறு?"

"அவன் எழுந்ததும் கம்பெனிக்கு ஓடிடுவான். சாயங்காலம் பக்கத்து வூட்டு மாட்டுக்கு ஊத்திட்டு, நானும் டீ, பொறையோட படுத்துடுவேன். ஞாயித்துக்கெழம எல்லாரும் துன்னப்புறம் நானும் நல்லா துன்னுவேன்."

எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவது அவர் பழக்கம். ஷிப்ட் மாறி மாறி ஓடும் வீட்டில் அந்த 'பிறகு' வாரத்தில் ஒரே நாள்தான் வந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் குசுகுசுப்பெல்லாம் பறந்துவிட்டது.

"அட கடவுளே! வூடு முழுக்கச் சோத்த வெச்சிக்கினு பட்டினி கெடக்கறீங்களே, இன்னாம்மா நியாயம் இது?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. சேகர் எழுந்து வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், திறந்து கிடந்த குண்டானைப் பார்த்தான்.

"நீ சாப்பிடவே இல்லியாம்மா?"

"நீ பசிக்கலன்ன. சரி, எழுந்து சாப்பிடுவன்னு வெச்சிருந்தேன்பா."

சேகர் அடுப்பு மேடைக்குப் போனான். ரெண்டு தட்டு எடுத்தான். ரெண்டிலும் சோறு போட்டான். கேன்டீனில் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தவன், அம்மா பார்க்கும்படி முதல் கவளத்தை வாயில் வைத்தான். அதன் பிறகுதான் ராணியம்மா தன் தட்டில் கை வைத்தார்.

3. திரும்ப எடை பார்த்த நாள்

பாக்கி டெஸ்ட்டுகளையும் எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உடம்பு இளைத்தால் ஒரே காரணத்தோடு விட்டுவிடக் கூடாது. எல்லாம் நார்மல் என்று வந்தது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். யார் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். அந்த ஆள் வீட்டில் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள்.

சில மாதம் கழித்துத் திரும்பப் போனபோது ராணியம்மாவுக்கு ரெண்டு கிலோ ஏறியிருந்தது. நான் கேட்காமலே சேகரும் மிஷினில் ஏறினான்.

"எனக்கு அஞ்சு கிலோ ஏறிக்கீது நர்சம்மா."

"ரெண்டு தபா தின்னா ஏறாம? உன் தட்டுல கொஞ்சமா போட்டுக்கோடா, அம்மாவுக்குத் தெரியவா போவுது!"

"தெரியும் நர்சம்மா, தட்டையே பாத்துக்கினு இருக்கும்." சிரித்தான். பிறகு, அம்மா காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னான்: "எனக்கு முப்பத்தி நாலு வயசாவுது. எங்கம்மா சாப்பிட்டு நான் பாத்ததே கெடையாது. இப்பத்தான் பாக்கறேன்."