ஆற்றில் விட்ட சட்டை

ஆற்றோடு விட்ட சட்டையைத் திரும்ப எடுத்தால், அதோடு போன தோஷமும் திரும்பி வந்துவிடுமா?

பாபநாசம் போய்வந்த நாளாக எனக்கு இதே கேள்வி. யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால், 'படித்தவள்தானே நீ?' என்பார்கள்.

என் மகள் மீனா இரண்டாம் வகுப்பு. தெருநாடகம் போடும் குழு ஒன்றில் சேர்த்துவிட்டேன். கூச்சம் போகட்டும் என்றுதான்... வேறு லட்சியம் இல்லை. குழுவை நடத்தும் சங்கரி, பரிகாரம் என்று ஆற்றில் விடப்பட்டுக் கல்லிலும் வேரிலும் சிக்கிக் கிடக்கும் துணிகளை எடுத்துத் துவைத்து, ஒன்றோடொன்று தைத்து நாடகத்துக்குத் திரை செய்திருக்கிறாள். சேலை, வேட்டி, ஒரு குழந்தையின் கவுன்கூட அதில் உண்டு.

அந்தத் திரைக்கு முன்னால் மீனாதான் தாமிரபரணி. வருகிறவர்கள் எல்லாம் அவள்மேல் ஆளுக்கொரு துணியைப் போட்டுவிட்டுப் போவார்கள். மூச்சு முட்டும்போது ஒரே ஒரு வசனம் சொல்வாள். அம்பாசமுத்திரத்தில் அதற்கு நல்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

கைதட்டுவது எளிது.

என் கணவருக்குக் கங்கைகொண்டானில் ஷிப்ட் வேலை. பைக்கில்தான் போய்வருகிறார். இந்த வருடம் இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது முறை தோள் எலும்பில் விரிசல். பாபநாசத்தில் குளித்து, உடுத்தியிருக்கும் சட்டையை ஆற்றோடு விடச் சொன்னார் ஜோசியர். நான் மறுத்தேனா? நல்ல நேரம் பார்த்துக் கிளப்பியதே நான்தான்.

அவர் முங்கி எழுந்து நீலச் சட்டையைக் கழற்றி விட்டார். என் கையை உதறிவிட்டுப் படியிறங்கிய மீனா, முழங்கால் தண்ணீரில் நின்று அதை எட்டிப் பிடித்தாள்.

"அப்பா, எம்மேல போடாதீங்க."

நாடக வசனம்தான். ஆனால் அவள் நடிக்கவில்லை. ஈரச் சட்டையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த அம்மாள், "பிள்ள சரியாத்தான சொல்லுது" என்றார். சொல்லிவிட்டு, தன் பழைய சேலையைப் பைய ஆற்றில் விட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "ஏட்டி, நீதான பிள்ளைய நாடகத்துக்கு விட்ட? இப்ப தோஷத்தையும் நீயே வீட்டுக்குச் சுமந்துட்டு வா."

கோபமா, கேலியா? பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை தெரியவில்லை.

கலை சமூகத்தை மாற்றும் என்கிறார்கள். நானும் நம்பினேன் — சமூகம் என்றால் அம்பாசமுத்திரத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் என்று. எங்கள் வீட்டு நீலச் சட்டையும் அதில் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லையே.

சட்டை இப்போது மொட்டைமாடிக் கொடியில். அவர் அந்தப் பக்கமே போவதில்லை. திரையில் சேர்த்துத் தைக்கக் கொடுக்க வேண்டும் என்கிறாள் மீனா. கொடுத்த பிறகு அவர் மறுபடி விழுந்தால்? பிள்ளையைப் பார்த்து, 'உன்னால்தான்' என்று ஒரு வார்த்தை என் வாயில் வந்துவிட்டால்? அதுதான் பயம். கொடுக்காவிட்டால்... கைதட்டிய அம்மாவைப் பற்றி அவள் என்ன நினைப்பாள்?

இதற்கிடையில் பைக்குக்குப் பின் டயரை மாற்றிவிட்டோம். எதற்கும் இருக்கட்டும்.

நீங்களாக இருந்தால் அந்தச் சட்டையை என்ன செய்வீர்கள்? சீக்கிரம் எழுதுங்கள். அது என்றைக்கோ காய்ந்துவிட்டது.