சவரிராயன் கிளப்பிவிட்ட முதலை

பாலக்கரை சவரிராயன் பயப்படாத பொருள் உலகத்தில் இரண்டோ மூன்றோ இருக்கலாம். அதையெல்லாம் அவர் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பல்லி, இடி, லிஃப்ட், மாமியாரின் போன் என்று எல்லாவற்றுக்கும் வேர்த்துப்போவார். பொன்மலை ரயில்வே பட்டறையில் அவர் முடுக்கிய போல்ட்டை மட்டும் யாரும் மறுபடி தொட்டுப் பார்ப்பதில்லை. கழன்றுவிடுமோ என்று மூன்று தடவை முடுக்குகிற ஆள்.

இவரைப் பார்த்துத்தான் பங்குக் கோயிலின் ஆற்றுக்காவல் குழு தண்ணீர் சோதிக்கும் பாட்டில்களைக் கொடுத்தது. உள்ளே மருந்துத் தாள் போட்ட, உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிப் பாட்டில்கள். உய்யக்கொண்டான் வாய்க்கால் தண்ணீரை ஞாயிறு பூசை முடிந்ததும் அதில் பிடித்துச் சூடாக வைத்திருக்க வேண்டும். மலம் கலந்த தண்ணீரென்றால் ஓரிரு நாளில் உள்ளே கருத்துவிடும். சூட்டுக்குத் திருச்சி வெயிலே போதும் என்றார்கள். சவரிராயனுக்கு நம்பிக்கை வரவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதோடு சாப்பிட்டார், அதோடு டிவி பார்த்தார்.

"ஏங்க, எப்பங்க குஞ்சு பொரிக்கும்?" என்றார் அவர் மனைவி லூர்துராணி.

பொரிக்கவில்லை, கருத்தது. தார் மாதிரி. காலாண்டு லீவில் தெருப்பிள்ளைகள் பூராவும் குதித்துக்கொண்டிருந்த படித்துறைத் தண்ணீர் அது. படித்துறையை ஒட்டி ரத்தினவேலின் கல்யாண மண்டபம். அதன் கக்கூஸ் குழாய் ஆகாயத்தாமரைக்கு அடியில் எங்கேயோ வந்து திறந்துகொள்கிறது என்று சவரிராயனுக்குச் சந்தேகம். ரத்தினவேல் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே அவரைக் கண்டால் சவரிராயன் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார்.

குழு மாநகராட்சியில் புகார் கொடுத்தது. அதிகாரி வந்து குழாய் வாயிலேயே தண்ணீர் பிடித்தால்தான் செல்லுமாம். வர நாலைந்து நாள் ஆகுமாம். அதுவரைக்கும்? சவரிராயனின் பன்னிரண்டு வயது மகள் ஆஷ்லிதான் குதிக்கிற பிள்ளைகளிலேயே அதிக நேரம் முங்கு நீச்சல் போடுகிறவள். அவள் எத்தனை வாய் தண்ணீர் விழுங்கியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டே படித்துறைக்கு ஓடினார்.

"கிருமி இருக்கு பாப்பா, மேல வா!"

"எங்கப்பா? பிடிச்சுக் காட்டுங்க!" மொத்தக் கூட்டமும் சிரித்தது. ஒருவன் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக் குதித்தான்.

அப்போதுதான் அவர் வாயிலிருந்து அது வந்தது. "முதலை! அந்தத் தாமரைக்குள்ள! முதுகைப் பாத்தேன்!"

ஒரு நிமிடத்தில் படித்துறை காலி. ஆஷ்லிதான் முதலில் ஏறினாள்.

"ஸ்ரீரங்கம் பக்கம் கொள்ளிடத்துல கிடக்கிற முதலை இங்க எப்படிண்ணே வந்துச்சு? டவுன் பஸ்லயா?" என்று கேட்டார் படித்துறையோர டீக்கடை ஜமீல்.

"எனக்கென்ன தெரியும் பாய்? வந்திருக்கு" என்றார் சவரிராயன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை படித்துறையில் புத்தம்புது போர்டு. 'முதலை நடமாட்டம். யாரும் நெருங்க வேண்டாம். உபயம்: ரத்தினவேல் திருமண மண்டபம்.'

"நல்ல காரியம் பண்ணே சவரி" என்று ரத்தினவேல் அவர் தோளில் கை வைத்தார். "இனிமே இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா வராது."

அந்தக் கையை அவர் எடுத்த பிறகுதான் சவரிராயனுக்கு விஷயம் உறைத்தது. பிள்ளைகள் வரமாட்டார்கள், சரி. குழாயைத் தேடியும் யாரும் வரமாட்டார்கள். வாய்க்காலோ இங்கேயே நின்றுவிடப் போவதில்லை. கீழே எத்தனை படித்துறை, எத்தனை ஆஷ்லி! அவ்வளவு தூரத்துக்கும் இவருடைய முதலை போய்ப் பயமுறுத்த முடியுமா?

அதிகாரி வந்தார். போர்டைப் படித்தார். வண்டியைத் திருப்பினார். "கரையிலேருந்து குழாயே தெரியல. முதலையைப் பிடிச்சதுக்கப்புறம் சொல்லி அனுப்புங்க, வரேன்."

"சார், முதலை இல்ல சார்." சவரிராயனுக்குத் தன் குரலே யாருடையதோ போலக் கேட்டது. "நான்தான் கிளப்பிவிட்டேன்."

டீக்கடைக் கூட்டம் மொத்தமும் திரும்பியது. மண்டப வாசலில் நின்ற ரத்தினவேல் சிரித்தார். "இல்லைன்னா இறங்கிக் காட்டச் சொல்லுங்க சார். பல்லிக்கே ஓடுற ஆளு."

சவரிராயன் செருப்பைக் கழற்றினார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. ஊரெல்லாம் முதலைக்குப் பயந்து நின்றது. இவர் ஒருவருக்குத்தான் அது என்ன தண்ணீர் என்று தெரியும். முதலை என்றாலாவது ஒரே கடியோடு போகும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கால் மாதாவைக் கூப்பிட்டபடி நடந்தார். காலில் ஏதோ வழுவழுவென்று உரசியது. இல்லாத முதலை, தானே உண்டாக்கிய முதலை. ஆனாலும் கால் தானாக மேலே எழும்பியது. கல்யாணப் பந்தலில் கட்டி எறிந்த வாழைமரம்.

ஆகாயத்தாமரையை இரண்டு கையாலும் பிடுங்கி ஒதுக்கினார். குழாய் தெரிந்தது. அன்றைக்கு மண்டபத்தில் கல்யாணம் வேறு. குழாய் அவர் கண் முன்னாலேயே கொட்டியது. கரையில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரி கயிற்றில் கட்டிய பாட்டிலை இறக்கினார். சவரிராயன் அதைக் குழாய் வாயில் பிடித்தார்.

நாறிக்கொண்டு படியேறியவரிடம் ரத்தினவேல் மெதுவாகச் சொன்னார்: "உன் வீடு எனக்குத் தெரியும் சவரி."

சில நாளில் குழாயை அடைத்தார்கள். சவரிராயனின் பயத்தை அடைக்க ஆளில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு கக்கத்தில் தெர்மாமீட்டர், மறு கக்கத்தில் புதிதாகப் பிடித்த பாட்டில் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எதை முதல்ல பாக்கட்டும்?" என்றாள் ஆஷ்லி.

"எதையாவது பாரு." கண்ணை மூடிக்கொண்டார்.

"காய்ச்சல் இல்லப்பா."

"அது?"

ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் கருக்கல. சாயங்காலம் வரைக்கும் வைக்கணும்ல? பட்டறைக்கு நேரமாச்சு, நீங்க கிளம்புங்க." பாட்டிலைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

அவர் வாசலில் நின்று தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சைக்கிளை எடுத்தவர் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"ரொம்ப அழுத்தாத பாப்பா, உடைஞ்சிடும். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கோ."