மீன் படுத்த கட்டிலும் என் விளக்கங்களும்

ஓவியக் கூடத்தில் விளக்கம் சொல்பவனின் வேலை, வந்தவருக்குத் தானாக எதுவும் புரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. புரியாததை விளக்கிப் பிழைக்கும் அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? தில்லைநகரில் எங்கள் கூடத்தில் அப்போது மாட்டியிருந்த படம் இதுதான்: வறண்ட காவிரி மணல், நடுவே இரும்புக் கட்டில், அதில் கழுத்துவரை போர்த்திப் படுத்திருக்கும் பெரிய மீன். (மீனுக்கு ஏது கழுத்து என்று கேட்காதீர்கள்.) பக்கத்தில் வீடே இல்லாமல் ஒரு கதவு.

அர்த்தம்

வரைந்தவர் துறையூர் செல்வி. அர்த்தம் கேட்டேன். "சும்மா தோணுச்சு, வரைஞ்சேன்" என்றார். அதை வைத்து அரை மணி நேரம் பேச முடியுமா? "ஆழ்மனத்தின் வாசல், நவீன மனிதனின் அந்நியமாதல்" என்று நானே தயாரித்து முழங்கினேன். ஓரமாக நின்று கேட்ட செல்வி சொன்னார்: "ரொம்ப நல்லா இருக்குங்க சார். ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, பேட்டி கேட்டா சொல்லணும்."

கீல்

கைலாசபுரத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஃபிட்டர், நான் ஆழ்மனத்தின் வாசலைத் திறந்துகொண்டிருந்தபோது கதவருகே குனிந்து பார்த்தார். "கீலும் இடப்பக்கம், தாழ்ப்பாளும் இடப்பக்கம். இது எந்த மனசுக்கும் திறக்காதுங்க."

சயனம்

ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் மீனைப் பார்த்துக் கைகூப்பினார். மத்ஸ்யாவதாரமாம். ஆள் படத்தை வாங்குவார் போலிருந்ததால், "அதேதான் ஸ்வாமி" என்று அந்நியமாதலை அங்கேயே கைவிட்டேன். அவர் மறுபடி உற்றுப் பார்த்தார். "மத்ஸ்யமா வந்தப்போ எம்பெருமானுக்கு வேதத்தை மீட்கவே நேரம் போதலை, படுக்க ஏது நேரம்? நீர் தப்பா சொல்றீர்!"

லீவு

கடைசி நாள் பாலக்கரையிலிருந்து ஒரு அம்மா வந்தார். வெகுநேரம் படத்தையே பார்த்தார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவரே பேசினார். "எங்க புள்ளைங்க அத்தா சவூதியிலேர்ந்து லீவுல வந்தா இப்படித்தான் படுத்துக் கெடப்பாங்க. வீடு அவங்களுக்குப் புதுசா இருக்கும்." அந்நியமாதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் படியிறங்கிய பிறகு திரும்பினால், செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா கத்தார்ல இருந்தாருங்க சார். வரையிறப்ப எனக்கே தெரியல. அந்தம்மா எந்தப் பக்கம் போனாங்க?" என்று கேட்டுக்கொண்டே செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

இத்தனை வருஷ சர்வீஸில் நான் கொடுத்த ஒரே சரியான விளக்கம், அந்த ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான்.