சிலுவைதாசண்ணன் என்னிடம் கொடுத்த இரண்டு மனுக்கள்

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் எனக்கு ஃபோன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். பேசியது பொழியூரிலிருந்து சிலுவைதாசண்ணனின் மகள் ஷைனி. "டீச்சரே, அப்பா போயாச்சு" என்றாள். பிறகு, போன வாரம்கூட அந்த மனுவுக்குப் பதில் வந்ததா என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார் என்றாள். ரிசீவரை வைத்துவிட்டேன்.

முப்பதாம் நாள் ஜெபத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி பொழியூர்க் கரைக்காரர்களான நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். சுறாப்பீலி வியாபாரத்தைத் தடை செய்ய வேண்டும் என்பவர்கள் அவர் தங்கள் பக்கம் என்கிறீர்கள். கூடாது என்பவர்களும் அதையேதான் சொல்கிறீர்கள். டீச்சருக்குத்தான் தெரியும் என்று இரண்டு தரப்பும் என் பக்கம் கையைக் காட்டுகிறீர்கள். எனக்கு இருக்கிற குழப்பம் உங்களில் ஒருவருக்கும் இருக்காது.

சிலுவைதாசண்ணன் போட்டு என்கிற விசைப்படகுகளில் வேலைக்குப் போகிறவர்களிடம் சுறாவின் பீலியை, அதாவது அதன் சிறகுகளை, வாங்கிக் காயவைத்து வெளியூர் வியாபாரிக்கு அனுப்பி வந்தவர். அவர் பாறசாலையில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் படியேறினால், ஆளுக்கு முன்னால் வாசனை வந்து நாற்காலியில் உட்காரும். மாணவிகள் மூக்கைப் பொத்துவார்கள். "பிள்ளைகளே, உங்களுக்க சென்ட் எனக்கும் பிடிக்கல்ல" என்பார். கரையில் யாருக்கு எந்த மனு வேண்டுமென்றாலும் அவர்தான் வருவார். அவர் தமிழில் சொல்ல, நான் கேரள அரசாங்கத்துக்கு மலையாளத்தில் அடிப்பேன்.

அவர் மனு தயாரிக்கும் முறையும் தனி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளைத் தாளில் முதலில் கையெழுத்துகளை வாங்கிவிடுவார். மேலே பாதித் தாள் காலியாக இருக்கும். விஷயத்தை அப்புறம் வந்து என்னிடம் சொல்வார். தாள் கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று எல்லோரிடமும் இரண்டு தாளில் வாங்குவார். என்ன ஏது என்று நீங்களும் கேட்டதில்லை. இது சரியில்லை என்று நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போவார்.

ஷைனிக்குப் பிள்ளை பிறந்த வாரம் அப்படி ஒரு மனுவோடு வந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால்சுறா கொடுப்பது உங்கள் வீடுகளில் வழக்கம். மூன்று நாள் விடியற்காலையில் கரையில் நின்றும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். தூரத்துப் போட்டுகள் பீலியை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே தள்ளுகின்றன என்றார். அப்படித் தள்ளிய ஒரு சுறா சிறகில்லாமல் நீந்த முயன்றதைத் தானே கண்டதாகவும் சொன்னார்.

"டீச்சரே, எனக்க மவளுக்கு ஒரு சுறா இல்ல. எனக்க வீட்டு மாடியில பீலி சாக்குச் சாக்கா உண்டு. இது பாவம் ஆக்கும். தடை செய்யணும்னு அடியுங்க."

சொந்தப் பிழைப்பையே நிறுத்தச் சொல்லி மனு கொடுத்த ஒருவரை அதுவரை நான் பார்த்ததில்லை. பெருமையோடு அடித்தேன்.

நான்காம் நாள் மறுபடி வந்தார். முகம் வாடியிருந்தது. கையில் இன்னும் அனுப்பாத முதல் மனுவும், கையெழுத்துகள் மட்டும் இருந்த அந்த இரண்டாவது தாளும். தடை செய்யக்கூடாது என்று அடிக்கச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படாமல் பதில் சொன்னார்.

"மீனு போட்டுக்காரனுக்கு. பீலி ஆக்கும் வேலைக்குப் போறவனுக்க பங்கு. அதையும் எடுத்துட்டா அவன் எதுக்குக் கடலுக்குப் போவணும்? நான் சொன்னது ரெண்டும் நேருதான், உண்மைதான், டீச்சரே."

அடித்து முடித்ததும் இரண்டு மனுக்களையும் என் மேசையில் வைத்தார். கடலோடு சம்பந்தமில்லாத ஆள் நான், யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, அதனால் எது நியாயமோ அதை நானே தபாலில் சேர்க்க வேண்டும் என்றார். எதை அனுப்பினேன் என்று தன்னிடம் சொல்லவும் கூடாதாம். "வாறேன்" என்று பஸ்ஸுக்கு இறங்கிவிட்டார்.

தபாலாபீஸ் என் கட்டிடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. முதல் மனுவை எடுத்துக்கொண்டு இறங்குவேன், வேலைக்குப் போகிறவர்களின் முகம் ஞாபகம் வரும். இரண்டாவதை எடுத்தால் சிறகில்லாத அந்தச் சுறா. இரண்டிலும் அதே பெயர்கள், அதே கையெழுத்துகள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுப்பறையில் வைத்தேன். வைத்தது வைத்ததுதான்.

அதன்பின் நான்கு வருடம், வரும்போதெல்லாம் பதில் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கரை முழுவதும் அரசாங்கத்தைத் திட்டியது. நானும் சேர்ந்து திட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அண்ணனிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

அவர் எந்தப் பக்கம் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அவருடையவை என்று என்னிடம் இருப்பவை அந்த இரண்டு தாள்கள்தான். எடுத்து முகர்ந்தால் இப்போதும் லேசாகப் பீலி வாசனை. ஷைனி, வந்து வாங்கிக்கொள். இத்தனை வருடமாகப் பதில் சொல்லவில்லை என்று நீங்கள் திட்டிய அரசாங்கத்திடம், யாரும் எதையும் கேட்கவே இல்லை.