கோணல் கேப்சூல்

மீன் எண்ணெய் கேப்சூல் செய்யும் கம்பெனியில் பொறுக்கும் மேசை என்று ஒன்று உண்டு. மேசை நடுவே கண்ணாடிபோன்ற பட்டை ஒன்று நகர்ந்துகொண்டே இருக்கும். அடியில் வெள்ளை விளக்கு எரியும். பட்டைமேல் பொன்னிறத்தில் கேப்சூல்கள் வரும். இருபுறமும் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒழுகுவதையும் ஒட்டிக்கொண்டதையும் கோணியதையும் விரலால் தள்ளி எடுக்க வேண்டும். ஒழுகியது குப்பைக்குப் போகும். உள்ளே எண்ணெய் சரியாக இருந்து வடிவம் மட்டும் கோணிப்போனவை தனி டப்பாவில் விழும். மாதக் கடைசியில் அந்த டப்பாவை மேசைக்காரர்கள் ஆளுக்கொரு கவராகப் பங்கிட்டு எடுத்துப் போவார்கள். எங்கும் எழுதிவைக்காத வழக்கம் இது. மேலாளர்கள் மாறினாலும் இது மாறவில்லை.

அந்த மேசையில் எல்லோரையும்விட நீண்ட காலம் உட்கார்ந்தவர் கோணலக்கா. கோணலைப் பொறுக்கிப் பொறுக்கியே அந்தப் பேர் வந்தது. நான் அதே கம்பெனியில், எண்ணெய் சோதிக்கும் அறையில் முடிவுகளை எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன்; ‘ரெக்கார்டு சார்’ என்பார்கள். அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி என் வீடு. இங்கே எழுதுவது நான் பார்த்தது, அல்லது அவர் வாயால் கேட்டது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

எதை எடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது அவர் பழக்கம். முட்டை, கண்ணாடி டம்ளர், கடைக்காரர் கொடுத்த பருப்புப் பொட்டலம், எதுவும் தப்பாது.

“என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இவ வெயில்ல நிக்க வச்சுப் பார்த்திருக்கணும்” என்பார் அவர் கணவர்.

“பார்த்திருந்தா அப்பவே டப்பாவுல தள்ளியிருப்பேன்” என்பார் அக்கா.

எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் கையில் மீன் வாடை போகாது. தெருப் பூனைகள் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் அவர் பின்னாலேயே வரும். பஸ்ஸில் பக்கத்து இடம் எப்போதும் காலி. “ராணி மாதிரி கால் நீட்டிட்டு வரேன் சார்” என்று என்னிடம் சிரித்திருக்கிறார்.

கணவர் ஒரு பேக்கரியில் மாஸ்டர். தெரு முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டது. பிஸ்கட்டும் பஃப்ஸும் அவர் கைவேலை. பெரிய டின்களில் வரும் வெள்ளைக் கொழுப்பை மாவில் போட்டு மடிப்பார். கையில் எடுத்தால் அது உருகாது, மெழுகுபோல் நிற்கும். ஒவ்வொரு தட்டிலும் ஒன்று எடுத்துத் தின்று பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. நாள் முழுக்க அதுதான் சாப்பாடு. வீட்டுக்கு வந்தால் பசிக்காது.

கம்பெனி ஒருமுறை ஊழியர் குடும்பங்களுக்கு ரத்தப் பரிசோதனை நடத்தியது. மாஸ்டருக்குக் கெட்ட கொழுப்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது. டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில நாள் போட்டார். கால் சதை வலிக்கிறது, நின்று மாவு பிசைய முடியவில்லை என்று நிறுத்திவிட்டார். வலியைச் சொல்லியிருந்தால் டாக்டர் மாத்திரையை மாற்றியிருப்பார். டாக்டரிடம் அவர் சொல்லவேயில்லை.

அதற்குப் பதிலாக அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். ஒரு பஃப்ஸ் தின்றால் இரண்டு கேப்சூல். விசேஷ ஆர்டர் வந்து கை நிறையத் தின்ற நாளில் ஆறு.

“நான் டின் கொழுப்பை உள்ள தள்ளுறேன், இவளோட மீன் எண்ணெய் அதை வெளிய தள்ளுது. கணக்கு நேர்” என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

இந்த நினைப்பை அவருக்குக் கொடுத்தது அக்காதான். கம்பெனி வாசலில் சிவப்பு இதயத்துக்குள் மீன் நீந்துவதுபோல் பெரிய பலகை இருக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போனார். மீன் எண்ணெய் ரத்தக் கொழுப்பைக் கரைக்கும் என்று கல்யாணமான நாள் முதல் வீட்டில் சொல்லிவந்தார். பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பினார்.

எனக்குத் தெரிந்ததை அக்காவிடம் சொன்னேன். டாக்டர் மேற்பார்வையில் அதிக அளவு எடுத்தால் மீன் எண்ணெய் ரத்தத்தில் ஒருவகைக் கொழுப்பைக் குறைக்கும். மாஸ்டருக்கு ஏறியிருந்தது வேறு வகை. அதை இது குறைக்காது. தின்ற கொழுப்பை இது கழிக்கவும் செய்யாது. நம் இஷ்டத்துக்கு அள்ளிப் போட்டால் சிலருக்கு இதயத் துடிப்பே தாளம் தப்பலாம்.

 “இதை நான் எந்த வாயால போய்ச் சொல்லுவேன் சார்?” என்றார் அக்கா.

சொல்லத்தான் செய்தார். அன்று அவர்கள் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் நின்ற எனக்குக் கேட்டது.

“என்னங்க, அந்தக் கேப்சூலை விட்டுட்டு மாத்திரையைப் போடுங்க.”

“ஏன், கம்பெனியில உன்னை ஏதாச்சும் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலை. நான் சொன்னது தப்பு.”

“இத்தனை வருஷம் சரியா இருந்தது இன்னைக்குத் தப்பாயிடுச்சா? அந்த ரெக்கார்டு சார் ஏத்திவிட்டாரா?”

“நான்தான் சொல்றேன்.”

“நீ சொன்னதைத்தானேம்மா நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்!”

அக்கா வந்து ஜன்னலைச் சாத்தினார்.

அந்த மாதத்திலிருந்து அவர் கவர் எடுத்து வருவதை நிறுத்தினார். ஆனாலும் மாஸ்டரிடம் கேப்சூல் தீரவில்லை. காரணம் மெதுவாகத்தான் தெரிந்தது. மேசையில் வேலை செய்யும் மற்றப் பெண்கள் பேக்கரி வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். தங்கள் கவரை மாஸ்டரிடம் கொடுப்பார்கள். அவர் உடைந்த பிஸ்கட்டைப் பை நிறைய அள்ளிக் கொடுப்பார். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேப்சூலைவிட பிஸ்கட்தான் பிடித்தது.

அக்கா ஷிப்ட் முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார்.

“அவருக்குக் குடுக்காதீங்கடி. மாத்திரையே போட மாட்டேங்கிறார்.”

“அய்யோ அக்கா, மீன் எண்ணெய்தானே, விஷமா குடுத்துட்டோம்?”

“மாஸ்டர் வாய் விட்டுக் கேட்கறார். எப்படிக்கா இல்லேன்னு சொல்றது?”

“பிஸ்கட் போயிடுமேன்னு பார்க்கிறீங்களா?” என்று அக்கா கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது.

கவர் கொடுக்கும் வழக்கத்தையே நிறுத்தச் சொல்லி மேற்பார்வையாளரிடம் போய் நின்றார். அவர் நல்ல மனிதர். “உங்க வீட்டுக்காரர் ஒருத்தருக்காக மொத்தப் பேருக்கும் நிறுத்த முடியுமா? அப்புறம் மேசையில ஒருத்தரும் உங்ககூடப் பேச மாட்டாங்க” என்றார். அதுவும் உண்மைதான்.

மாஸ்டர் அடுப்புக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது ஒரு மத்தியானம். ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து இதய ரத்தக் குழாய்க்குள் கம்பிவலை வைத்தார்கள். டாக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, “மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டால் வலை வச்ச இடமே திரும்ப அடைக்கும்” என்று சொல்லி அனுப்பினார்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்தார், பேக்கரிக்கு மட்டும் இனிப் போகமுடியாது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றே ஒன்று சொன்னார்: “கேப்சூல் போட்டிருந்ததாலதான் தப்பிச்சேன். இல்லேன்னா அடுப்பங்கரையிலேயே முடிஞ்சிருக்கும்.” வந்தவர்கள் தலையாட்டினார்கள். பொறுக்கும் மேசைப் பெண்கள் பழத்தோடு ஒரு கவரையும் கொண்டுவந்து தலையணைப் பக்கத்தில் வைத்தார்கள். அக்கா அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மாஸ்டர் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. மறுநாள் கவர் எப்படியோ தலையணைக்கு அடியில் இருந்தது.

இப்போது சம்பளம் அக்காவுடையது மட்டும். காலையில் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பார். மாஸ்டர் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, பள்ளிக்கூடப் பையன்போல் நாக்கை நீட்டிக் காட்டுவார். அக்கா பஸ்ஸுக்கு ஓடுவார். சில காலை நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் நாக்கை நீட்டிக் காட்டினார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள் அக்கா மாஸ்டர் கட்டிலை ஒட்டிய ஜன்னலைத் துடைத்தார். ஜன்னல் கதவுக்கு வெளியே, சிமெண்டு விளிம்பில், மாத்திரைகள் ஊறி உப்பி வெள்ளையாக ஒட்டியிருந்தன. கன்னத்தில் அடக்கிவைத்துப் பின்னால் துப்பியவை. எத்தனை நாளாக என்று தெரியாது. மழை எவ்வளவைக் கரைத்துக்கொண்டு போனது என்பதும் தெரியாது.

என் வீட்டுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் சொன்னதை நம்பறார் சார். நான் மாத்திச் சொன்னதை நம்ப மாட்டேங்கிறார். நான் என்ன பண்ணட்டும்?”

டாக்டரிடம் சொல்லலாம் என்றேன். அக்கா சொன்னார், டாக்டர் மாஸ்டரைத் திட்டினார், மாஸ்டர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் இருங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. லீவு போட்டால் அடுப்பு எரியாது என்பது எனக்கும் தெரியும்.

பொறுக்கும் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். மாஸ்டர் இறந்த அன்று காலை அக்காவின் போன் அந்தப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. அடித்தவன் நான். டீ இடைவேளை வரும்வரை அவருக்குத் தெரியாது.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். வாய்ப்பு அதிகம், உறுதி சொல்ல முடியாது என்றார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. “கேப்சூலோட பலம்தான் இத்தனை மாசம் இழுத்துப் பிடிச்சுது” என்று அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அவர் மறுத்துப் பேசியதை நான் பார்க்கவில்லை.

மறுபடியும் வேலைக்குப் போனார். அவருக்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் கேட்டாளாம்:

“அக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் கொழுப்பு இருக்குன்னு சொல்லியிருக்காங்க. தினம் எத்தனை குடுக்கலாம்?”

அக்காவின் கை நின்றுவிட்டது. பட்டை நிற்கவில்லை. நல்லதோடு கோணலும் சேர்ந்து அவரைத் தாண்டிப் போயின.

“டாக்டர் குடுத்ததைப் போடச் சொல்லும்மா. இது அதுக்கு ஆகாது.”

“சரிக்கா” என்றாள் அந்தப் பெண். அன்று மாதக் கடைசி. போகும்போது தன் கவரின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டுப் பத்திரமாகக் கட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.