போத்தல் தந்தவர்களும் பூசாதவர்களும்

என் வலது தோள் இறுகிப் போனபோது எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. நோயாளியைப் பார்க்க பிஸ்கட் கொண்டு வருவது போல ஆளுக்கொரு எண்ணெய்ப் போத்தலோடு வந்தார்கள். அலுமாரிக்கு மேல் இடம் இல்லாமல் போனது. பூசிவிட மட்டும் ஆளில்லை. தோள் இறுகியவள் தன் தோளின் பின்பக்கத்தைத் தானே எப்படிப் பிடிப்பாள்? அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

சீனன்குடாவில் ஒரு கன்ரீனில் ரொட்டிக்கு மாக் குழைப்பது என் வேலை. ஒரு நாள் காலையில் கை பிடரிக்குப் போகவில்லை. சீப்பெடுத்துத் தலை இழுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பில் பிழையில்லை, மூட்டைச் சுற்றிய சவ்வு இறுகியிருக்கிறது என்றார்கள். விரல்களைச் சுவரில் எறும்பு போல ஏற்றிப் பழகச் சொன்னார்கள். இளஞ்சூட்டு எண்ணெய் தடவி யாரையாவது மெதுவாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள் என்றார்கள். கை சரிவராவிட்டால் என் இடத்தில் வேறொருத்தி நின்று மாக் குழைப்பாள். அந்த நினைப்பு என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. கதிரையில் இருந்தால் எழும்புவேன். எழும்பினால் சுவருக்குப் போவேன். சுவரில் விரல் கொஞ்சம் ஏறும், பிறகு வலிக்கும், குசினிக்குப் போவேன். அங்கேயும் செய்ய ஒன்றுமில்லை.

முதலில் வந்தது கணவரின் அக்கா, என் மச்சாள். வெருகலிலிருந்து கடுகெண்ணெய் கொண்டு வந்தா.

"இதைப் பூசினா நாளைக்கே மா இடிப்பீர்."

"ஆர் பூசுறது மச்சாள்?"

"ஏன், உம்மட மனுசன் இல்லையே?"

மனுசன் பக்கத்தில்தான் இருந்தார். தன் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்தபடி சிரித்தார்.

"சீனன்குடாவில அவ்வளவு எண்ணெய்த் தாங்கி கிடக்கு. ஒண்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வாறன், உள்ள இறங்கிக் குளியும்."

நான் சிரிக்கவில்லை. மச்சாள் போனபின் இடது கையால் எட்டின இடத்தில் அந்த எண்ணெயைத் தடவினேன். தோல் பற்றி எரிந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் மிளகாய்ப்பழம் தேய்த்தது போலச் சிவந்து பொருக்கு விட்டிருந்தது. கடுகெண்ணெய் சூடு ஏற்றும் என்பது உண்மை. எல்லாத் தோலும் அதைத் தாங்காது என்பதும் உண்மை. புது எண்ணெய் எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு துளி தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். போத்தல் தந்த ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆமணக்கெண்ணெய் பாகு போல ஒட்டும், கை வழுக்காது, தோலைத்தான் இழுக்கும். வேறு எண்ணெயோடு கலந்தால்தான் பிடிக்கலாம். வேப்பெண்ணெய் அரிப்புக்கும் சொறிக்கும் சரி, அதன் மணத்தோடு ஒருவரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். தேங்காயெண்ணெய் லேசானது, காய்ந்த தோலுக்கு நல்லது, ஆனால் சீக்கிரம் ஊறிவிடும், திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். எனக்குப் பிடித்தது நல்லெண்ணெய். கை நீண்ட நேரம் வழுக்கும், சூடு நிற்கும். ஆலையில் ஆட்டினதாக, காறல் மணம் இல்லாததாக இருக்க வேண்டும். அடுப்பில் வைக்கக் கூடாது. போத்தலைச் சுடுதண்ணீருக்குள் நிறுத்தினால் போதும். தலையணை உறை நாசமாகும், ஆகட்டும்.

எண்ணெய் எலும்புக்குள் போய்ப் பூட்டுத் திறக்கும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எண்ணெய் கையை வழுக்க வைக்கும். இறுகின சதையை இளக்குவது சூடும் கையும்தான். சூடு என்னிடம் இருந்தது. கை இல்லை.

இதற்கிடையில் கணவரின் பெரியப்பா வெருகலில் காலமானார். போனோம். பிரேதத்தைக் குளிப்பாட்டும் முன் உறவுக்காரர் எல்லாரும் வரிசையில் நின்று அறுகம்புல்லில் எண்ணெய் தொட்டு அவர் தலையில் வைத்து, அரப்பும் வைத்தார்கள். எனக்கு வலது கை உயரவில்லை. இடது கையை நீட்டினேன். எங்களோடு இருக்கும் கணவரின் அம்மா, என் மாமி, அந்தக் கையைத் தட்டிவிட்டு, தானே என் வலது கையைப் பிடித்து உயர்த்தி வைப்பித்தா. உயிர் போய் வந்தது. அழுதேன். பெரியப்பாவுக்காக அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் மாமி அலுமாரிக்கு மேலிருந்த போத்தல்களை எல்லாம் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினா.

"செத்த துடக்குள்ள வீடு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரைக்கும் எண்ணெய் தொடக்கூடாது."

"தலைக்கில்ல மாமி, தோளுக்கு."

"தோள் என்ன அடுத்த வீட்டிலயே கிடக்கு? தலைக்குக் கீழதானே."

"ஆஸ்பத்திரியில சொன்னவை."

"அவைக்கென்ன, அவையின்ர வீட்டிலயே செத்தது?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஃபோனைப் பார்த்தார்.

நான் நடந்தேன். விறாந்தையிலிருந்து குசினி, குசினியிலிருந்து விறாந்தை. சுவருக்குப் போனேன், விரல்கள் பழைய இடத்துக்குக்கூட ஏறவில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்த நாட்களில் தோள் இன்னும் இறுகிவிட்டது. கன்ரீன்காரர் வேறு ஃபோன் எடுத்து, எப்ப வருவீங்கள் என்று கேட்டிருந்தார். கணவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"செத்த பெரியப்பாவுக்கு எண்ணெய் வைக்க ஊரே வரிசையில நிண்டது. நீங்களும் நிண்டனீங்கள். உயிரோட இருக்கிற எனக்கு வைக்க இந்த வீட்டில ஒரு கை இல்லை."

மாமி குசினிக்குள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினா. கணவர் ஃபோனை வைத்தார். எழும்பிப் போய் மாமியிடம் கை நீட்டினார்.

"பெட்டித் திறப்பைத் தாங்கோ அம்மா."

"பெரியப்பாவுக்கு அடுக்காதடா."

"அவருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

மாமி திறப்பை அவர் கையில் கொடுக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய், கூட்டின முற்றத்தையே திரும்பக் கூட்டினா.

அவர் ஆமணக்கெண்ணெயைத்தான் முதலில் எடுத்தார். நல்லெண்ணெய் என்றேன். எது நல்லெண்ணெய் என்று ஒவ்வொரு போத்தலாக மணந்து பார்த்தார். ஓட்டோவுக்கு எந்த எண்ணெய் என்று நித்திரையிலும் சொல்லக்கூடிய மனுசன். சுடுதண்ணீரில் போத்தலை நிறுத்தி, எனக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தார். பிடித்த பிடியில் நான் கத்தினேன்.

"டயர் மாத்துறீங்களோ?"

"எங்க நோகுது எண்டு சொன்னாத்தானே தெரியும்."

"இவ்வளவு நாளும் கேட்டனீங்களோ?"

"இப்ப கேக்கிறன். இங்கயோ?"

"இல்லை. கொஞ்சம் கீழ. ஓம், அதுதான்."

அன்று கை ஒரு அங்குலமும் கூடுதலாக உயரவில்லை. எண்ணெய் ஒரு நாளில் செய்யும் வேலை அல்ல அது. அடுத்த நாளும் பிடித்தார், அதற்கடுத்த நாளும். மாமி எங்கள் இருவரோடும் கதைப்பதை நிறுத்தினா. அந்தியேட்டி முடிந்த பிறகுதான் வாய் திறந்தா. அதற்குள் என் விரல்கள் சுவரில் என் கண் உயரத்துக்கு ஏறியிருந்தன. இன்னும் பிடரிக்கு எட்டவில்லை. ஆனாலும் கன்ரீனுக்குப் போய் நின்றேன். குழைக்க முடிந்த அளவு மாவை இடது கையால் குழைத்தேன், வலது கையால் அமத்தினேன். நொந்தது. பின்னேரம் அவர் ஓட்டோவோடு வாசலில் நின்று, "தண்ணி சுட வச்சிட்டு வந்தனான், கெதியா ஏறும்" என்றார்.