நான்கு விரலுக்கு ஒரு முடிச்சு

கடையில் நின்று அந்தப் பெரியவர் கேபிளின் கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருக்கிறார். பிளக்கும் ஒயரும் சேரும் இடத்தைத்தான் அவர் கழுத்து என்பார். பாக்கெட்டில் அடங்கும் மீட்டரின் கிளிப்புகள் இரண்டையும் கேபிளின் இரு முனையிலும் மாட்டியிருக்கிறார். மீட்டர் விடாமல் ‘பீ’ என்று கத்துகிறது. வளைக்கிற வளைப்பில் அந்தக் கத்தல் ஒரு நொடி விட்டுப்போனாலும் அந்தக் கேபிள் மறுபடி கடைக்காரரிடமே திரும்பிவிடும். இன்று திரும்பியது ஐந்தாவது.

“புது சரக்கு சார். இப்பதான் கவரையே பிரிச்சேன்” என்று கெஞ்சுகிறார் கடைக்காரர்.

“புதுசா இருந்தா? கழுத்து ஆடுறதைக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்றது? அடுத்ததை எடுங்க.”

அந்த இசைக்கருவிக் கடையில் அவருக்கு ‘மீட்டர் சார்’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. அவர் உள்ளே நுழைந்தால் கடைக்காரர் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். முக்கால் மணி நேரம் எப்படியும் ஆகும்.

விலை கூடின கேபிளைக் காட்டி, முனையில் தங்க முலாம் என்று சொல்லிப் பார்த்தார் கடைக்காரர் ஒருமுறை. “தங்கத்தை என் மருமக போட்டுக்கட்டும். ஒயருக்கு எதுக்குங்க நகை?” என்று பதில் வந்தது. அடிமட்ட விலைக் கேபிளையும் அவர் தொடமாட்டார். அதில் பிளக்கும் ஒயரும் ஒன்றாக வார்த்து ஒட்டியிருக்கும். கெட்டால் பிரிக்க வழியில்லை, குப்பைக்குத்தான் போகும். அவருக்கு வேண்டியது நடுத்தர விலையில், பெரிய கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாத, திருகாணி வைத்த பிளக். சட்டைப்பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதைக் கடையிலேயே திறந்துவிடுவார். உள்ளே ஒயரைக் கவ்விப் பிடிக்கும் பல் இருக்கிறதா, உறைக்கு அடியில் செம்புக் கம்பியை நெருக்கமாகப் பின்னியிருக்கிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். “பாய் மாதிரி பின்னியிருக்கணும். சல்லடை மாதிரி இருந்தா உள்ள வைங்க.” இத்தனையும் தேறினால் மூன்று மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கிப்போய், வீட்டில் இரண்டேகால் மீட்டராக வெட்டி, மறுபடி பற்றவைப்பார். வீட்டில் மருமகளின் மைக்கிலிருந்து கணினி மேசைக்கு அவர் அளந்த தூரம் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சாண் ஒயர் சுருண்டு கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருடம் ஒயரிங் வேலை பார்த்தவர். ஓடுகிற வண்டியில் ஒயர் தனியாகத் தொங்கினால் ஆடும், உரசும், பிறகு புகையும். ஆகவே எல்லா ஒயரையும் ஒரே கட்டாகச் சேர்த்து, மெழுகு தடவிய நூலால் நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சு. இரண்டு சுற்று, மேலே ஓர் இறுக்கு, வாலை அரிசி அளவு விட்டு வெட்டு. “என் கையால கட்டின வண்டியில ஒரு ஒயர் உரசிச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், பாக்கலாம்” என்பார். இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

மனைவி போன பிறகு மகன் வீட்டுக்கு வந்தார். மகனுக்கு மாதத்தில் இருபது நாள் வெளியூர் வேலை. வீட்டில் அவரும் மருமகளும்தான். மருமகள் வயலின்காரி. காலையில் மூன்று பள்ளிகளுக்கு ஓடி ஓடிப் பாடம் சொல்லித்தருகிறாள். மதியம் வீட்டில் வாசித்துப் பதிவு செய்து, கேட்பவர்களுக்கு அனுப்புகிறாள். துணி அலமாரி நின்ற சின்ன அறையைக் காலிசெய்து, சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்து, பலகை பொருத்தி, அதைப் பதிவு அறையாக்கியது மாமனார்தான். அங்கே ஒயர் என்று எது இருந்தாலும் அது அவருடைய ராஜ்யம்.

அவருக்கு ஒரு பயம் உண்டு. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் என்று இந்த வீட்டில் பேர் எடுத்துவிடக் கூடாது. யாரும் அப்படிச் சொன்னதில்லை, நினைத்ததும் இல்லை. ஆனால் அந்த அறையில் ஒயர் வேலை இல்லாத நாட்களில் அவர் இரண்டு தோசைக்கு மேல் சாப்பிடுவதில்லை.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் மருமகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர் ஒன்றுக்கு வயலின் வாசிக்க வேண்டும். மாதிரி பிடித்துப்போனால் ஒரு வருட வேலை; மூன்று பள்ளிகளில் இரண்டையாவது விட்டுவிடலாம். மாதிரி போனது, போன வேகத்தில் திரும்பியது. வாசிப்பு அருமை, ஆனால் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

மாமனாருக்கு முகம் விழுந்துவிட்டது. மீட்டரை எடுத்து எல்லாக் கேபிளையும் சோதித்தார். எதிலும் குறை இல்லை. இருந்தாலும் கடைக்குப் போய் முக்கால் மணி நேரம் நின்று புதிது வாங்கி வந்தார். மைக் கேபிள், விளக்கு ஒயர், கணினியின் கரண்ட் ஒயர், அதன் கனமான அடாப்டர் எல்லாவற்றையும் சேர்த்து முன்னைவிட இறுக்கிக் கட்டினார். இரண்டாவது மாதிரியும் முனகலோடு திரும்பியது. மூன்றாவதுதான் கடைசி, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

“மாமா, கரண்ட் ஒயர் பக்கத்துல மைக் ஒயர் போகக் கூடாதுன்னு எங்கயோ படிச்சேன். பிரிச்சு வச்சுப் பாக்கலாமா?” என்றாள் மருமகள்.

“பிரிச்சா? ஏம்மா, வேலை தெரியாதவன் வீடு மாதிரி இருக்கும்மா! ஒயரு ஒண்ணா இருந்தாதான் பத்திரம். மீட்டர் சரின்னு சொல்லுதுல்ல?” சொன்னவரின் கை, மேசைக்கு அடியில் கட்டிய கட்டைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஹெட்போனை அவளாகவே நீட்டியிருக்கிறாள். அதையும் அவர் மாட்டிக்கொண்டதில்லை. காது ஆளுக்கு ஆள் மாறும், மீட்டர் மாறாது என்பது அவர் கட்சி.

வெள்ளிக்கிழமை மதியம் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அவரைக் கடைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தபோது பதிவு முடிந்து அனுப்பியும் ஆகிவிட்டது. மறுநாளே ஒப்புதல் வந்தது. “சுத்தமா இருக்காம் மாமா. நீங்க கடைசியா வாங்கின கேபிள்தான்” என்றாள். அவருக்கு உச்சி குளிர்ந்தது. அன்றைக்கு நான்கு தோசை. கடைக்காரரிடம் போய் அந்தக் கேபிளின் பெருமையை அளந்துவிட்டு வந்ததில், அவரும் அதே சரக்கில் இன்னும் ஐம்பது வரவழைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிவு நாளும் வீட்டில் ஏதாவது தீர்ந்துபோனது. பெரும்பாலும் பேட்டரி. ‘இந்த வயலினுக்கு எதுக்கு இவ்வளவு பேட்டரி?’ என்று அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை. வேலை சொல்கிறார்களே என்ற சந்தோஷத்தில் குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மூன்றாவது மாதம் மெழுகு நூல்கண்டைக் கையில் எடுத்தவருக்குத் திக்கென்றது. பாதியாக இளைத்திருந்தது. அவர் கட்டியது அத்தனை இல்லை. மருமகள் பள்ளிக்குப் போயிருந்த நேரம். டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தார்.

பதினான்கு முடிச்சுகள். இடைவெளி சரியாக நான்கு விரல். ஆனால் ஒன்றுகூட அவர் போட்டதில்லை. ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டை முடிச்சு. வால் ஒன்று நீளம், ஒன்று குட்டை. அவர் கை போலவே இருக்கட்டும் என்று யாரோ விரல் வைத்து அளந்து அளந்து போட்டிருக்கிறார்கள்.

வெளியே வந்து, முதல்முறையாக ஹெட்போனை மாட்டினார். மைக்கைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார். ‘ம்ம்ம்.’ கத்திரிக்கோலால் முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினார். கடைசியாக மேசைக்கால் ஓரம் இருந்த ஒன்று மட்டும் கரண்ட் ஒயர்களை மட்டுமே பிடித்திருந்தது; அதை விட்டுவிட்டு மைக் கேபிளைத் தனியே இழுத்தார். முனகல் தேய்ந்து காணாமல் போனது. மறுபடி பக்கத்தில் வைத்தார், வந்தது. இரண்டு தடவை செய்து பார்த்தார். மூன்றாவது தடவை செய்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவமானமாக இருந்தது. முப்பத்தொரு வருடக் கை, அந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்திருக்கிறது. அப்புறம் மூலையில் பிரிக்காமல் குவிந்திருந்த பேட்டரி பாக்கெட்டுகள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு முறையும் அவரை அனுப்பிவிட்டுப் பதினான்கை அறுத்து, வாசித்து, அவர் வருவதற்குள் பதினான்கையும் கட்டியிருக்கிறாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏழு மீட்டர் இருக்கா?” என்று கடையில் போய்க் கேட்டார்.

“ஏழா? சார், உங்களுக்கா?”

“எனக்குத்தான். எடுங்க.” கழுத்தை மட்டும் வழக்கம்போல முக்கால் மணி நேரம் வளைத்துப் பார்த்தார்.

அதை வெட்டவில்லை. மேசையிலிருந்து எதிர்ச்சுவர் வழியாக, கதவு நிலைக்கு மேலே ஏற்றி, சுற்றிக்கொண்டுபோய் மைக்கில் சேர்த்தார். மிச்சம் ஒரு முழம் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. அதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு, கரண்ட் ஒயர்களை மட்டும் மேசைக்கு அடியில் கட்ட ஆரம்பித்தார்.

வயலின் பெட்டியோடு வந்த மருமகள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“மாமா, என்ன இது?”

“கரண்ட் ஒயரு கூட வச்சா முனகுதும்மா. நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் காதுல போட்டுக்கல.”

“நானும் நேராவே சொல்லியிருக்கணும் மாமா.”

“சொன்னா மட்டும்? கேட்டிருப்பேனாக்கும்!” குரல் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. “ஒண்ணு சொல்லிடறேன். இனிமே பேட்டரி வாங்க என்னால ஆகாது.”

அவள் சிரித்துவிட்டு அவர் பக்கத்தில் குந்தி, டார்ச்சை வாங்கிப் பிடித்தாள். அவர் கத்திரிக்கோலோடு முடிச்சு முடிச்சாக நகர்ந்து, ஒவ்வொரு வாலையும் அரிசி அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தார். மேசைக்கால் ஓரம் அவள் போட்ட முடிச்சு ஒன்று, நீள வாலும் குட்டை வாலுமாக நின்றது. கத்திரிக்கோல் அதன் முன் ஒரு கணம் நின்றது. பிறகு அதைத் தொடாமல் அடுத்ததற்குப் போனார்.